உலர்த்தும் அறையில் மூன்றாம் பால்

பிரெடெரிசியாவில் நான் முன்பு இருந்த குடியிருப்பின் விதிக்கோவையில் ஒரு நல்ல விதி உண்டு. குடியிருப்பாளர் எழுத்தில் தரும் எந்த விண்ணப்பத்துக்கும் நிர்வாகக் குழு நான்கு வாரத்துக்குள் எழுத்தில் பதில் தரவேண்டும். டென்மார்க்கில் இப்படியான விதிகளை அலங்காரத்துக்கு எழுதி வைப்பதில்லை. மழை பெய்தாலும் பனி கொட்டினாலும் பதில் வரும். பெரும்பாலும் இல்லை என்றுதான் வரும், ஆனால் வரும். நகரசபைக் கந்தோரில் முப்பது வருடம் அப்படியான பதில்களை எழுதியே ஓய்வூதியம் வாங்குகிறவன் நான். ஆகவே அதிகாரத்தோடு சொல்கிறேன்.

அந்த விதியைத் தனி ஆளாக நின்று வருடக்கணக்கில் செயலற்றுப்போகச் செய்த ஒரே மனிதர் மூன்றாம்பால் அண்ணை. இந்த நாட்டுக்கு வந்த தமிழர்கள் எத்தனையோ சாதித்திருக்கிறார்கள். வைத்தியர்கள் இருக்கிறார்கள், பொறியியலாளர்கள் இருக்கிறார்கள், நகரசபை உறுப்பினர்கள்கூட இருக்கிறார்கள். ஆனால் ஒரு நிர்வாகக் குழு முழுவதையும் வாய் திறக்க முடியாமல் செய்தவர் இவர் ஒருவர்தான். அதுவும் சண்டை பிடித்து அல்ல. பிட்டும் பியரும் கொடுத்து.

அவருடைய சொந்தப் பெயர் தபால்பெட்டியில் ஒட்டியிருந்தது. தபால்காரரைத் தவிர வேறு யாரும் அதைப் பயன்படுத்தியதில்லை. நகர பஸ் சாரதியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஆள் உயரம், குரல் அதைவிட உயரம். அவருக்குத் தெரியாத விஷயம் இருக்கலாம், ஆனால் அவருக்குக் கருத்து இல்லாத விஷயம் உலகத்தில் கிடையாது.

ஓய்வு பெற்ற நாளில் உடன் வேலை செய்த டெனிஷ்காரர்கள் சேர்ந்து அவருக்கு ஒரு பெரிய பெட்டியைப் பரிசாகக் கொடுத்தார்கள். வீட்டிலேயே பியர் காய்ச்சுவதற்கான சாமான்கள். அடியில் குழாய் பூட்டிய பெரிய பானை, துளைத்தட்டு, முளைகட்டி உலர்த்தி உடைத்த பார்லி, கசப்புக்குப் போடும் ஹொப்ஸ் பூ, ஈஸ்ட், ஒரு விளக்கப் புத்தகம். ஓய்வு பெறும் ஆண்களுக்கு இங்கே கொடுக்கக்கூடிய பரிசுதான், கொடுத்தவர்களில் பிழையில்லை. அண்ணை வாழ்க்கையில் ஒரு சொட்டு மது தொடாதவர் என்பதை மட்டும் அவர்கள் அத்தனை வருடமும் கவனிக்கவில்லை. ஓட்டுகிறவன் குடிக்கக்கூடாது என்பது அவர் தனக்கு விதித்த விதி. ஓய்வு பெற்ற பிறகும் அதைத் தளர்த்தவில்லை. இனி எதை ஓட்டப்போகிறீர்கள் என்று கேட்டால் வாழ்க்கையை என்று சொல்லிவிடுவாரோ என்ற பயத்தில் நான் கேட்கவில்லை.

அவர் மனைவி மலர் அக்கா பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வரச் சொன்னார். பரிசைத் திருப்பிக் கொடுப்பது மரியாதை இல்லை என்று அண்ணை மறுத்தார். பிறகு புத்தகத்தைக் கையில் எடுத்தார். விளைவு என் வீட்டுக் கதவில் கேட்டது.

"கந்தோர், இதைப் பாரும்." என்னை அவர் கந்தோர் என்றுதான் கூப்பிடுவார். "பார்லியைச் சுடுதண்ணியிலை ஊறவிட்டால் இனிப்பு இறங்குமாம். பிறகு குழாயைத் திறந்து சாறை வடிக்கிறதாம். கோதிலை ஒட்டியிருக்கிற இனிப்புக்கு மேலாலை திரும்பச் சுடுதண்ணி ஊத்திக் கழுவி வடிக்கிறதாம். உதுக்கு ஒரு புத்தகம் எழுதியிருக்கிறாங்கள். இது தேங்காய்ப்பால் பிழியிற வேலை. முதற்பால், இரண்டாம் பால்."

"அப்ப சுகம்தானே அண்ணை."

"என்ன சுகம்? மூண்டாம் பாலை விட்டிட்டாங்கள்."

பட்டப்பெயர் அன்றைக்கே பிறந்துவிட்டது. மூன்றாம் முறை தண்ணீர் ஊற்றினால் கோதிலிருந்து துவர்ப்பு இறங்கிவிடும், ஆகவே இரண்டோடு நிறுத்தவேண்டும் என்று புத்தகத்தில் தெளிவாக எழுதியிருந்தது. வாசித்துக் காட்டினேன். வாழைப்பூ துவர்க்கவில்லையா, பாக்கு துவர்க்கவில்லையா, அவற்றை எறிந்துவிட்டா இருக்கிறோம் என்று கேட்டார். மூன்றாம் பால் எடுக்காமல் தேங்காய்ப்பூவை எறிகிற வீட்டில் பெண் எடுக்கமாட்டார்கள் என்று வேறு சொன்னார். புத்தகம் மூடப்பட்டது. அதற்குப் பிறகு அது திறக்கப்பட்டதாக எனக்குத் தகவல் இல்லை.

மூடாமல் இருந்திருந்தால் அடுத்த பிழையைத் தவிர்த்திருக்கலாம். வடித்த சாறு எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து, ஹொப்ஸ் பூவைப் போட்டு ஒரு மணித்தியாலம் கொதிக்கவைப்பதுதான் உலக வழக்கம். அண்ணை உலக வழக்கத்தைப் பின்பற்றவில்லை, குசினி வழக்கத்தைப் பின்பற்றினார். எங்கள் வீடுகளில் கறியைத் தண்ணிப்பாலில் அவியவிட்டு, முதற்பாலைக் கடைசியில் ஊற்றி, ஒரு கொதி வந்ததும் இறக்குவோம். அவரும் மூன்றாம் சாற்றில் பூவைத் தனியாக அவித்தார், இரண்டாம் சாற்றைப் பிறகு சேர்த்தார், முதற்சாற்றை இறக்கும் நேரத்தில் ஊற்றினார். கூடக் கொதித்தால் திரைந்துவிடும் என்றார். திரைவதற்கு இதில் பால் இல்லையே என்றேன். மீன் வாங்கத் தெரியாதவனைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார்.

முதல் பியரில் அவித்த சோளம் மணத்தது. வீட்டில் அந்த முளைகட்டிய பார்லி மணத்தது. திரைச்சீலையில் மணத்தது, கோயிலுக்கு உடுத்தும் சேலையில் மணத்தது, அக்கா வைத்த சாம்பாரில்கூட மணத்தது. பானை வீட்டில் இருக்கலாம், அல்லது தான் இருக்கலாம், இரண்டில் ஒன்றைச் சொல்லுங்கள் என்றார் மலர் அக்கா. அண்ணை பதில் சொல்ல எடுத்துக்கொண்ட நேரம் சற்று அதிகம் என்பது அக்காவின் நீங்காத முறைப்பாடு.

பானை நிலக்கீழ்த் தளத்துக்கு இறங்கியது. அங்கே உடுப்பு உலர்த்தும் அறை ஒன்று இருந்தது. சலவை அறையில் உலர்த்தும் இயந்திரம் வந்த பிறகு அந்தப் பக்கம் யாரும் போவதில்லை. சுடுதண்ணீர்க் குழாய் உண்டு, தரையில் வடிகான் உண்டு. சுவரில் 'உடுப்பு உலர்த்த மட்டும்' என்று ஓர் அறிவித்தலும் உண்டு. அந்த அறிவித்தலுக்கு முன்னால் அண்ணை மின்னடுப்பையும் பானையையும் வைத்தார்.

பிறகு, ஓட்டத்திலிருந்து கழித்த பஸ் ஒன்றின் இருக்கைகள் இரண்டை எங்கிருந்தோ கேட்டு வாங்கி வந்து, பானையைப் பார்த்தபடி தரையில் பூட்டினார். 'ஓடும்போது சாரதியுடன் கதைக்கவேண்டாம்' என்ற தகரப் பலகையும் கூடவே வந்தது. அதைத் தலைகீழாக மாட்டினார்.

அந்த இருக்கையில் முதலில் வந்து இருந்தவன் இரண்டாம் மாடி கார்த்திக். கோயம்புத்தூர்ப் பையன், கணினிப் பொறியியலாளர். அண்ணை தண்ணீரின் சூட்டை விரலால் பார்ப்பதைப் பார்த்துப் பதறிப்போய் ஒரு டிஜிட்டல் வெப்பமானி வாங்கிக் கொடுத்தான்.

"அங்கிள், அறுபத்தேழு டிகிரிய தாண்டக்கூடாது. தாண்டிடுச்சுன்னா அவ்ளோதான்."

"விரல் வைச்சால் வைச்சிருக்க ஏலாமல் இருக்கவேணும், எடுத்தால் கொப்பளம் வரக்கூடாது. அதுதான் உம்மடை அறுபத்தேழு, தம்பி."

வெப்பமானி அன்றிலிருந்து பிட்டுக் கிளறப் பயன்பட்டது. ஆம், பிட்டு. மூன்று பாலும் எடுத்த கோதையும் அவர் எறியவில்லை. அதைக் கொஞ்சம் உலரவிட்டு, அரிசி மாவோடு குழைத்து அவித்து, சம்பலோடு கொடுத்தார். சாப்பிட்டவர்கள் அடுத்த நாள்வரை மென்றுகொண்டிருந்தார்கள்.

ஆனால் பியர் நன்றாக வரத் தொடங்கியது. பிழைகள் ஒன்றையொன்று பிடித்துத் திருத்திக்கொண்டன என்றே சொல்லவேண்டும். மெல்லிய சாற்றில் தனியாக அவிந்ததால் பூவின் கசப்பு முழுதாக இறங்கியது. பிந்தி வந்த முதற்சாறு தன் வெளிர்நிறத்தைக் காப்பாற்றிக்கொண்டது. பின்னால் லேசாக ஒரு துவர்ப்பு நின்றது. முதற்சாற்றை ஒரு கொதியோடு இறக்காமல் கொஞ்சம் கூடக் கொதிக்கவிட மட்டும் கார்த்திக் கெஞ்சிச் சம்மதம் வாங்கினான், சோள மணம் போய்விட்டது. தான் குடிக்காத பியரை அண்ணை எப்படிச் சோதித்தார் என்று கேட்கலாம். பியர்க் கிளாசைக் கையில் கொடுத்து இருக்கையில் இருத்துவார். எதிரில் நின்று குடிப்பவர் முகத்தை உற்றுப் பார்ப்பார். முகம் தளர்ந்ததும் தலையாட்டுவார். "ஓம், சரியா வந்திருக்கு."

ஒருநாள் கீழ்மாடியிலிருந்து முறைப்பாடு போயிற்று. ஜன்னலைத் திறந்தால் கஞ்சி மணக்கிறதாம். விதியின்படி பார்த்தால் அண்ணையின் பக்கம் ஒன்றுமே இல்லை. நிர்வாகக் குழு ஒரு வரி எழுதினால் பானை வெளியே வரும். ஆகவே அவர்கள் எழுதுவதற்கு முன் நாம் எழுதவேண்டும் என்றேன். விண்ணப்பம் ஒன்று நிலுவையில் இருக்கும்வரை எந்த நிர்வாகமும் அறையைப் பூட்டாது. கந்தோரின் அந்தப் பக்கத்தில் இருந்தவனுக்கு இது தெரியும்.

உலர்த்தும் அறையைப் பயன்படுத்த அனுமதி கேட்கும் படிவத்தில் காரணம் என்று ஒரு பகுதி இருந்தது. என்ன எழுத என்று கேட்டேன். வழக்கத்துக்கு மாறாக அவர் குரல் இறங்கியது.

"முப்பது வருசம் சனம் என்ரை முதுகைத்தான் பாத்தது, கந்தோர். ஏறேக்கை கார்டைக் காட்டிப்போட்டு நிலத்தைப் பாத்துக்கொண்டு போயிடுங்கள். நான் கண்ணாடிக்குள்ளை நெத்தியும் தொப்பியும்தான் கண்டது. இஞ்சை கொண்டந்து இருத்தினால் முகம் தெரியுது. அதை எப்பிடி எழுதுறது?"

அதை எழுதுவதற்கு எந்தப் படிவத்திலும் இடமில்லை. 'ஓய்வுநேரப் பயன்பாடு' என்று எழுதினேன்.

நான்கு வாரம் ஓடத் தொடங்கியது. குழுத் தலைவர் யென்ஸ் நேரில் பார்த்துவிட்டு மறுப்பு எழுதலாம் என்று நேர்மையான எண்ணத்தோடு கீழே இறங்கினார். ஓய்வு பெற்ற தச்சாசிரியர், நியாயமான மனிதர். இருக்கையில் இருத்தப்பட்டார். பிட்டு வந்தது, அதில் வெண்ணெய் பூசிச் சாப்பிட்டார். பியர் வந்தது. அண்ணை முகத்தைப் பார்த்தபடி நின்றார். அன்று மூன்றாம் தண்ணீர் வடிந்து முடியும்வரை யென்ஸ் மேலே வரவில்லை.

அடுத்த நாள் அவர் என்னிடம் ஆலோசனை கேட்டார். விண்ணப்பித்தவரின் உபசாரத்தை ஏற்றவர் அந்த விண்ணப்பத்தில் முடிவெடுக்கலாமா? கூடாது என்றேன். டெனிஷில் இதற்கு 'இன்ஹபில்' என்று ஒரு சொல் உண்டு. சொந்தமோ சாய்வோ இருந்தால் அந்த ஆள் அந்த விஷயத்தில் கைவைக்கத் தகுதியில்லாதவர் என்று அர்த்தம். நான் சொன்னது சுத்தமான சட்டம். முகத்தில் சிரிப்பு இல்லாமல் சொன்னேன் என்பதும் உண்மை.

யென்ஸ் விலகிக்கொண்டு பொருளாளரை அனுப்பினார். பொருளாளர் இரண்டு கிண்ணம் பிட்டு சாப்பிட்டார். பொருளாளர் செயலாளரை அனுப்பினார். மிஞ்சிய இரண்டு பேரும் பாதுகாப்புக்காகச் சேர்ந்தே வந்தார்கள். இரண்டு இருக்கையும் நிறைந்தன. ஒரு மாதத்துக்குள் குழு முழுவதும் இன்ஹபில். பிறகு தேர்தல் வந்து புதியவர்கள் வந்தார்கள். பொறுப்புள்ளவர்கள், பார்க்காமல் முடிவெடுக்கமாட்டோம் என்று கீழே இறங்கினார்கள். இப்படியே இரண்டு தேர்தல் போயின. கோப்பு நிலுவையில் இருந்தது, பானை அடுப்பில் இருந்தது.

அப்போதுதான் மெத்தே தலைவராக வந்தார். இளம்பெண், ஊருக்குத் திரும்பி வந்து குடியேறியவர். மதுவைத் தொடுவதில்லை. கோதுமை, பார்லி எதுவும் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது. பியருமில்லை, பிட்டுமில்லை. அந்தக் குடியிருப்பிலேயே முடிவெடுக்கத் தகுதியுள்ள ஒரே ஆள் எங்கள் தலையில் வந்து விழுந்தார். வந்த கையோடு மிகப் பழைய கோப்பைத் தேடி எடுத்தார்.

"ஒண்டும் குடுக்காதேங்கோ, ஒண்டும் கதைக்காதேங்கோ," என்று அண்ணைக்குச் சொல்லிவைத்தேன். தேத்தண்ணிகூடக் கூடாது என்றேன். அவர் மறுத்துப் பேசவில்லை. அது எனக்குப் பயத்தைக் கூட்டியது. பார்வையிடும் நாளில் பழைய சாரதிச் சட்டையைத் தேய்த்துப் போட்டு, கழுத்துப்பட்டி கட்டி, பானைக்குப் பக்கத்தில் விறைத்து நின்றார்.

மெத்தே அறிவித்தலைப் படித்தார், வடிகானைப் பார்த்தார், கோப்பில் குறித்துக்கொண்டார். எல்லாம் ஒழுங்காக ஓடுகிறது என்று காட்டவேண்டும் என்ற பதற்றத்தில் அண்ணை ஒருநாளும் செய்யாத வேலையைச் செய்தார். குழாயை முழுதாகத் திறந்துவிட்டார். சாற்றை மெதுவாக வடித்தால் தானியம் சல்லடை மாதிரி வேலை செய்யும். அவசரப்பட்டால் அப்படியே அமர்ந்து இறுகி அடைத்துக்கொள்ளும். அடைத்துக்கொண்டது. ஒரு சொட்டு வரவில்லை.

என்ன நடந்தது என்று மெத்தே கேட்டார். அண்ணை குழாயைப் பூட்டினார். இதைக் கிளறிவிட்டுப் பொறுக்கவேண்டும், வேறு வழியில்லை என்று டெனிஷில் சொல்லிவிட்டு, பெரிய அகப்பையை எடுத்துக்கொண்டு பானைப் பக்கம் திரும்பினார். பொறுக்கச் சொன்னதால் மெத்தே பஸ் இருக்கையில் உட்கார்ந்தார். அண்ணை கிளறினார். பாரமான எதையும் தொடங்கும்போது இடது தோளை ஒருமுறை உயர்த்தி இறக்குவது அவர் பழக்கம். உயர்த்தி இறக்கினார்.

 திரும்பிப் பார்த்தேன். மெத்தே பேனையை மூடி வைத்துவிட்டு அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். நீங்கள் பஸ் ஓட்டினவர்தானே என்று கேட்டார். பள்ளிக்கூட நாட்களில் சாரதிக்குப் பின்னால் உள்ள முதல் இருக்கைதான் தன்னுடையது என்றார். தினமும் பிந்தி ஓடிவருவாராம். கதவு தினமும் திறந்தபடியே நிற்குமாம். ஏறியதும் அந்தத் தோள் ஒருமுறை எழுந்து இறங்கும், பஸ் புறப்படும். முகம் நினைவில்லை, தோள் நினைவிருக்கிறது என்றார்.

அண்ணை மெல்லத் திரும்பினார். நேர அட்டவணையை ஒவ்வொரு நாளும் குழப்பிய அந்தச் சிவப்புப் பை நீயா என்று டெனிஷில் உறுமினார். கண்ணாடியில் அவருக்குத் தெரிந்தது பை மட்டும்தான். மெத்தே சிரித்தார். பிறகு கோப்பை மூடி என்னிடம் நீட்டினார். "நானும் இன்ஹபில்." அந்தச் சட்டத்தை அவருக்கு நான் சொல்லிக்கொடுக்கவில்லை. நல்ல தலைவர்.

இனிமேல்தான் உண்மையான ஆபத்து. முன்பு ஒவ்வொரு முறையும் தேர்தல் வந்து புதியவர்களைத் தந்தது. இனி முடிவெடுக்கத் தகுதியுள்ளவர் குடியிருப்பிலேயே ஒருவரும் மிஞ்சாததால் விஷயம் குடியிருப்பாளர் கூட்டத்துக்குப் போகவேண்டும். அங்கே யாரும் இன்ஹபில் இல்லை. பிட்டு சாப்பிட்டவரும் வாக்களிக்கலாம், கஞ்சி மணம் பிடிக்காதவரும் வாக்களிக்கலாம். அதில் கிடைப்பது கடைசி முடிவு. இல்லை என்றால் அந்த இரண்டு இருக்கைகளும் அன்றைக்கே கழற்றப்படும்.

கூட்டத்தில் அண்ணை முதல் வரிசையில் இருந்தார், கண்கள் நேராகச் சுவரில். கீழ்மாடிக்காரர் எழுந்து மணத்தைப் பற்றிச் சொன்னார். சலவை நாளான சனிக்கிழமைகளில் காய்ச்சாமல் இருக்கலாமா என்று கேட்டார். அண்ணை தலையாட்டினார். அண்ணைக்காகப் பேச வேறு யாரும் எழவில்லை. அதுவே எனக்குப் பிடிக்கவில்லை. சம்மதிப்பவர்கள் கையை உயர்த்துங்கள் என்றார் மெத்தே.

"எத்தினை கை, கந்தோர்?" வாய் அசையாமல் கேட்டார் அண்ணை.

"திரும்பிப் பாருங்கோ அண்ணை."

"ஓடேக்கை றைவர் திரும்பிறேல்லை."

"பஸ் நிண்டிட்டுது. திரும்புங்கோ."

திரும்பினார். முதலில் உயர்ந்த கை மலர் அக்காவுடையது என்று பிறகு சொன்னார்கள். பானை வீட்டுக்குத் திரும்பி வந்துவிடக்கூடாது என்பது அவர் கவலை. யென்ஸ் உயர்த்தியிருந்தார். இதற்கிடையில் அப்பாவாகிவிட்ட கார்த்திக் தன் குழந்தையின் கையையும் சேர்த்து உயர்த்தியிருந்தான், மெத்தே அதைக் கணக்கில் எடுக்கவில்லை. கீழ்மாடிக்காரரும் உயர்த்தியிருந்தார். அறை முழுக்கக் கையாக இருந்தது, அதற்குக் கீழே முழுக்க முகமாக இருந்தது. எல்லாம் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தன. அண்ணை ஒவ்வொரு வரிசையாக, அவசரப்படாமல், கடைசி வரிசைவரை பார்த்தார்.

"ஓம்," என்றார். "சரியா வந்திருக்கு."

கூட்டம் முடிவெடுத்தாலும் எழுத்தில் பதில் தரவேண்டும் என்பது விதி. அதற்கும் கொஞ்சம் காலம் பிடித்தது. கடிதம் வந்தபோது நான்தான் கீழே கொண்டுபோனேன். அண்ணை மூன்றாம் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார், இருக்கைகளில் ஆட்கள் இருந்தார்கள், பிறகு பார்ப்போம் வையும் என்றார். நான் இப்போது கோப்பன்ஹேகனில் மகளோடு இருக்கிறேன். அந்தப் பக்கத்திலிருந்து யாராவது வந்தால் அவர்கள் பையில் எனக்கு இரண்டு போத்தல் இருக்கும். குடித்தபின் என் முகம் எப்படி இருந்தது என்று, கொண்டுவந்தவரிடம் அவர் தொலைபேசியில் விசாரிப்பார்.

முப்பது வருடம் நான் கையெழுத்திட்டு அனுப்பிய பதில்களில் ஒன்றின் திகதிகூட என் நினைவில் இல்லை. நான் எழுதாத, எனக்கு வராத இந்தப் பதில் வந்த நாள் மட்டும் நினைவிருக்கிறது: மார்ச் மூன்றாம் திகதி.